இங்கிலாந்தின் சட்டமும் பிரிந்த பெற்றோரின் பிள்ளையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் புராணமும் திருமுறையும் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்றைக்குச் சட்டம் பேசுவதற்கு நாம் வந்திருக்கிறோம். அதிலும் வேற்று நாட்டுச் சட்டம். "கலியாணம் முறிந்த வீட்டுக் கதையை இந்த மண்டபத்தில் எதற்காக எடுக்க வேண்டும்?" என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. ஆனால் இங்கே கூடியிருப்போருள் எத்தனை பேருடைய மகனோ மகளோ, மருமகனோ, பேரப்பிள்ளையோ இலண்டனில் இருக்கிறார்கள் என்று கேட்டால் பாதி மண்டபம் கையை உயர்த்தும். அவர்களுடைய வீட்டுக்குள்ளே எந்தச் சட்டம் நுழைகின்றது என்பதை நாம் அறிந்துகொள்ளாமல் இருப்பது சரியன்று.

ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி இலண்டனிலிருந்து நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். பெயரும் ஊரும் வேண்டாம். அவருடைய நான்கு வயது மகனுக்குச் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரியிலே சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடத் தகப்பன் முன்வந்தபோது, "உமக்கு அந்த அதிகாரம் இல்லை, பிள்ளையின் தாய் வரட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். "அண்ணை, நான் அவனுக்குத் தகப்பன் இல்லையோ?" என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் நமது காதில் நிற்கின்றது. தாலி கட்டினவர். அக்கினி வளர்த்து, அம்மி மிதித்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு நடந்த கலியாணம். ஆனால் எல்லாம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. "எழுத்தைப் பிறகு பார்ப்போம்" என்று விட்டது விட்டபடியே கிடந்தது.

இதிலேதான் நம்மவர் தவறுகிறார்கள். தவறுவதற்கு ஒரு காரணமும் உண்டு. இலங்கையிலே இந்துக்கள் தம் வழக்காற்றுப்படி தாலி கட்டி, கூறை கொடுத்துச் செய்த கலியாணம் பதிவு இல்லாதபோதும் செல்லுபடியாகும் என்று நீதிமன்றுகள் ஒப்புக்கொண்டு வந்திருக்கின்றன. பதிவு சிறந்த அத்தாட்சி. ஆயினும் அதுவே கலியாணம் அன்று. இந்த எண்ணத்தையே நம்மவர் பெட்டியோடு கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். இங்கிலாந்திலோ நிலைமை வேறு. அங்கே 1949ஆம் ஆண்டின் விவாகச் சட்டப்படி முன்னறிவித்தல் கொடுத்து, சட்டம் ஏற்றுக்கொண்ட இடத்தில், அதிகாரம் பெற்றவர் முன்னிலையில் நடந்தாலன்றிக் கலியாணம் கலியாணமாகாது. அந்த வகையில் விவாகத்திற்கென முறையாகப் பதியப்பெற்ற இந்துக் கோயில்களும் அங்கே உண்டு. அவற்றில் உரிய முறைப்படி நடந்தால் சங்கடம் இல்லை. வாடகை மண்டபத்துக் கலியாணம் மட்டும் ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் வைபவம். 1998இல் இலண்டனில் ஓர் உணவுச்சாலையில் முஸ்லிம் முறைப்படி நிக்காஹ் செய்து, நான்கு பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்த ஒரு தம்பதியரின் வழக்கிலே, 2020ஆம் ஆண்டு அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்று இவ்வாறே தீர்த்தது. அக்தர் வழக்கு என்பது அதன் பெயர். முஸ்லிம் வைபவத்திற்குச் சொன்ன நியாயம் நமது வைபவத்திற்கும் பொருந்தும்.

ஆகவே, நமது தம்பி இங்கிலாந்தின் சட்டத்தில் 'விவாகமாகாத தகப்பன்.' இச்சொல் அவருக்கு எவ்வளவு சுட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

(இங்கே சகுந்தலையின் கதை ஞாபகம் வராதவர் இருக்கமாட்டார். சாட்சியில்லாத காந்தர்வ விவாகம். தகப்பன் அறியாமல் வளர்ந்த பிள்ளை. காளிதாசர் மோதிரம் ஒன்றை வைத்துக் கதையை முடித்துத் தந்தார். வியாச பாரதத்தில் அந்த மோதிரம் இல்லை. அங்கே அசரீரி வந்து சாட்சி சொல்லவேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பதிவுகாரர் அசரீரியை ஏற்கமாட்டார்.)

இனி அந்நாட்டுச் சட்டம் இவ்விடத்திற்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சிறிது சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பிள்ளை தகப்பனுடைய சொத்துப்போல இருந்தது. தாய்க்கு ஓர் உரிமையும் இல்லை. கரோலைன் நோர்ட்டன் என்ற எழுத்தாளப் பெண்மணி 1836இல் கணவனைப் பிரிந்தபோது, அவன் மூன்று ஆண்பிள்ளைகளையும் கொண்டுபோய்விட்டான். தாய் கண்ணாற் காணவும் வழியில்லை. அந்த அம்மையார் அழுதுகொண்டு மூலையில் இருக்கவில்லை. துண்டுப்பிரசுரம் எழுதினார்; பாராளுமன்ற அங்கத்தவர்களைப் பிடித்தார். அதன் பயனாக 1839ஆம் ஆண்டு, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன்னிடம் விடும்படி தாய் நீதிமன்றைக் கேட்கலாம் என்று ஒரு சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்தும் அவருக்கு நிம்மதி பிறக்கவில்லை. 1842இல் இளைய மகன் குதிரையினின்று விழுந்து காயமுற்றான். தாய் போய்ச் சேருமுன் அவன் உயிர் போய்விட்டது.

அதன்பின் சட்டம் மெல்ல மெல்ல நகர்ந்தது. 1925இல் பிள்ளையின் நலனே முதன்மையானது என்று எழுதப்பட்டது. 1973இல் விவாகமான தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை வந்தது. விவாகமாகாத தகப்பனோ இந்த ஊர்வலத்தில் கடைசியாக நடந்துவந்தவன். கலியாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையைப் பழைய ஆங்கிலச் சட்டம் 'எவருக்கும் மகனல்லாதவன்' என்றே அழைத்தது. நமது நாட்டில் இன்றும் வழங்கும் உரோம - ஒல்லாந்துச் சட்டம் இதில் சற்று இரக்கமுள்ளது. தாய் எவளும் முறைகேடான பிள்ளையைப் பெறுவதில்லை என்பது அதன் கொள்கை. அதனால் இங்கே அத்தகைய பிள்ளைக்குத் தாயே இயற்கைப் பாதுகாவலர். தகப்பனுக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி பணம் கொடுக்கும் கடமை உண்டு. கடமையை மட்டும் கொடுத்துப் பொறுப்பைக் கொடாதுவிட்ட இந்த ஏற்பாடு நமக்குத் திருப்தியாயில்லை. ஆனால் அது வேறொரு நாட் பேச்சு.

இங்கிலாந்தில் பெரிய மாற்றம் செய்தது 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம். அது 1991 ஒக்ரோபர் 14ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தை ஆக்கியோர் முதலில் சொற்களையே மாற்றினார்கள். அதுவரை 'காவலுரிமை', 'பார்க்கும் உரிமை' என்று வழக்காடினார்கள். காவல் பெற்றவர் வென்றவர். பார்க்க மாத்திரம் அநுமதி பெற்றவர் தோற்றவர். பிள்ளை அந்தப் பந்தயத்தின் கோப்பை! புதிய சட்டம் இவ்விரண்டையும் தள்ளி, பிள்ளை யாரோடு வசிப்பது என்பதற்கு 'வதிவுக் கட்டளை' என்றும், யாரோடு உறவாடுவது என்பதற்குத் 'தொடர்புக் கட்டளை' என்றும் வைத்தது. அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. தொடர்புக் கட்டளை தகப்பனுக்குப் பிள்ளையைப் பார்க்கும் உரிமை கொடுப்பதாக எழுதப்படவில்லை; பிள்ளை தகப்பனைப் பார்க்கப் போகவும் தங்கவும், பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவர் இடங்கொடுக்கவேண்டும் என்றே எழுதப்பட்டது. வாக்கியத்தின் நடுவில் பிள்ளையை வைத்தார்கள்.

ஆனால் மனிதர் குணம் சட்டத்தைவிடப் பழையது. வதிவு கிடைத்தவர் வென்றேன் என்றார்; தொடர்பு கிடைத்தவர் தோற்றேன் என்றார். ஆகையால் 2014 ஏப்பிரில் 22ஆந் திகதி முதல் அவ்விரண்டு பெயர்களும் போயின. 'பிள்ளை ஏற்பாட்டுக் கட்டளை' என்ற ஒன்றே வந்தது. பிள்ளை யாரோடு, எப்போது வசிக்கும், யாரோடு நேரம் கழிக்கும் என்பதெல்லாம் அதனுள் அடங்கும். நம்மவர் இன்னும் 'கஸ்ரடி கேஸ்' என்றே சொல்கிறார்கள். பெயர் மாறினாலும் சண்டை மாறவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

கட்டளை கேட்டு உடனே நீதிமன்றுக்கு ஓடவும் முடியாது. பெரும்பாலானோர் முதலில் மத்தியஸ்தர் ஒருவரைக் கண்டு, பேசித் தீர்க்க வழியுண்டா என்று கேட்டறியவேண்டும். வன்முறை நிகழ்ந்த இடத்தில் இதற்கு விலக்கு உண்டு. நீதிமன்றுக்குப் போனபின் சிறுவர் நலன் பார்க்கும் அரசாங்க உத்தியோகத்தர் வந்து விசாரிப்பார்; வேண்டுமாயின் பிள்ளையோடு தனியே பேசுவார். பிள்ளையின் விருப்பம், அதன் வயது, சுபாவம், அது வளர்ந்த சூழல், இடம் மாறினால் நேரும் விளைவு, அதற்கு நேர்ந்த அல்லது நேரக்கூடிய தீங்கு, பெற்றோரின் தகுதி எல்லாவற்றையும் நீதிபதி சீர்தூக்குகிறார். நமது பிள்ளையின் மொழியும் சமயமும் அந்தச் சூழலுள் அடங்கும் என்பதைக் கவனியுங்கள். பெற்றோர் தாமே ஒத்துப்போனால் கட்டளை எதுவும் இடாமல் விடுவதே மேல் என்பதும் அச்சட்டத்தின் கொள்கை. தாய்க்கென்றோ தகப்பனுக்கென்றோ சட்டத்தில் முன்னிடம் இல்லை. 'பொம்பிளைப் பிள்ளை தாயோடு, ஆம்பிளைப் பிள்ளை தகப்பனோடு' என்று நமது பெரியவர்கள் தீர்க்கும் கணக்கு அங்கே செல்லாது.

தொடர்பு என்றால் ஞாயிறு தோறும் கூட்டிக்கொண்டு போவது மட்டுமன்று. கடிதமும் தொலைபேசியும் தொடர்பே. அச்சமுள்ள இடத்தில், ஒருவர் கண்காணிக்க ஒரு நிலையத்தில் வைத்துச் சந்திப்பதும் உண்டு. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோர் இருவரும் பிள்ளையின் வாழ்வில் ஈடுபடுவது அதன் நலனுக்கு உதவும் என்ற ஓர் அநுமானத்தையும் புகுத்தியது. கேட்க நல்லதாகவே தோன்றும். ஆனால் அடிக்கும் தகப்பனிடமும் பிள்ளையை அனுப்பிவைக்க அந்த அநுமானம் துணைபோகின்றது என்று பலர் முறையிட்டனர்; 2020இல் அங்குள்ள நீதி அமைச்சு வெளியிட்ட அறிக்கையும் இவ்வபாயத்தை எடுத்துக் காட்டியது. 2021இல் வந்த சட்டமொன்று, வீட்டு வன்முறையைக் காணுகின்ற, கேட்கின்ற பிள்ளையும் அவ்வன்முறைக்கு ஆளான பிள்ளையே என்றது. 2025 ஒக்ரோபரில், முற்கூறிய அநுமானத்தை நீக்கப்போவதாக அரசாங்கமே அறிவித்தது. நமது சமூகத்தில் அடி வாங்கியும் வாய் திறவாத பெண்கள் உண்டு என்பது நாம் எல்லாரும் அறிந்து, பேசாதிருக்கும் விஷயம். ஆதலால் தகப்பன்மாருக்காகப் பேச வந்த நாம் இதையும் ஒளிக்காமற் சொல்கிறோம்.

இனி நமது தம்பியின் கேள்விக்கு வருவோம். 'பெற்றோர்ப் பொறுப்பு' என்ற ஒன்றை அச்சட்டம் வகுத்தது. பிள்ளையின் வைத்தியம், படிப்பு, சமயம், பெயர், வெளிநாட்டுப் பயணம் முதலியவற்றில் பெற்றார் தீர்மானிக்கும் அதிகாரமும் கடமையும் சேர்ந்ததே அது. விவாகமான பெற்றார் இருவருக்கும் அது தானே உண்டு. விவாகமாகாதவர்களுள் தாய்க்கு மட்டும் தானே உண்டு. தகப்பன் தேடிப் பெறவேண்டும். ஏன் எல்லாத் தகப்பன்மாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். பலாத்காரத்தாற் பிறந்த பிள்ளையும் உண்டு. பெயர்கூடத் தெரியாமல் மறைந்த தகப்பனும் உண்டு. அவர்களையெல்லாம் தாயின் வீட்டு வாசலில் அதிகாரத்தோடு நிறுத்தச் சட்டம் விரும்பவில்லை. இவ்வேறுபாடு நியாயமானதே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றும் 1995இல் ஒரு ஸ்கொத்லாந்து வழக்கில் ஒப்புக்கொண்டது.

பெறும் வழிகளுள் மிக எளியது பிறப்புப் பதிவு. 2003 டிசெம்பர் 1ஆந் திகதி முதல், தாயும் தகப்பனும் சேர்ந்து பதிந்து, தகப்பன் பெயர் ஏறினால் அந்தக் கணமே அவருக்குப் பெற்றோர்ப் பொறுப்பு வந்துவிடும். அதற்கு முன் பதிந்த பெயருக்கு இந்தப் பலன் இல்லை. பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பதியவேண்டும். விவாகமான தம்பதியரில் ஒருவர் போனாலும் இருவர் பெயரும் ஏறும். விவாகமாகாதவராயின் தகப்பன் தாமும் போகவேண்டும், அல்லது உரிய சத்தியப் பத்திரம் கொடுத்தனுப்பவேண்டும். நமது தம்பி அன்று வேலைக்கு லீவு எடுக்கவில்லை. தாய் தனியே போனாள். "சட்டப்படி விவாகமானவரா?" என்று பதிவுகாரர் கேட்டார். அவள் பொய் சொல்லவில்லை. தகப்பன் பெயர் எழுதுமிடம் வெறுமையாயிற்று. ஒரு நாட் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் நேர்ந்தது இது.

பின்னரும் வழி அடைபடுவதில்லை. தாயை முறைப்படி விவாகம் செய்யலாம். இருவரும் ஒப்பந்தப் பத்திரத்தில் ஒப்பமிட்டு நீதிமன்றில் பதியலாம். பிறப்பை மறுபடி பதியலாம். தாய் மறுத்தால் நீதிமன்றைக் கேட்கலாம். அவர் பிள்ளைமேற் காட்டிய ஈடுபாடு, இருவருக்குமிடையில் உள்ள பாசம், அவர் கேட்கும் நோக்கம் ஆகிய மூன்றையும் நீதிமன்று பார்க்கும் என்பது 1991 முதல் வழங்கிவரும் முறை. பொறுப்பில்லாத நிலையிலும், பிள்ளையோடு தொடர்பு கேட்டு மனுச் செய்ய எந்தத் தகப்பனுக்கும் வழியுண்டு. ஆனால் இவ்வாறு பெற்ற பொறுப்பை நீதிமன்று திரும்ப எடுக்கவும் முடியும் என்பதை மறவாதீர்கள்.

இதிலே ஒரு பெரிய மயக்கத்தையும் தீர்க்கவேண்டும். நமது தம்பி ஆறு மாதமாகத் தாய்க்குப் பணம் அனுப்பவில்லை. காரணம் கேட்டபோது, "பிள்ளையைக் காட்டவில்லை, நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்றார். நாம் அவரைக் கடிந்தோம். பணம் பிள்ளையின் சோற்றுக்கும் சப்பாத்துக்கும். பொறுப்பு இல்லாத தகப்பனும் கொடுத்தே தீரவேண்டும். காட்டினாலும் காட்டாவிட்டாலும் கொடுக்கவேண்டும். அதேபோல, பணம் வரவில்லையென்று பிள்ளையை மறைக்கத் தாய்க்கும் நியாயமில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்கு.

அடுத்து, இங்கே இருக்கும் நமக்கு நேரே பொருந்தும் விஷயம். மகள் இலண்டனிலிருந்து விடுமுறைக்குப் பிள்ளையோடு வருகிறாள். அழுகிறாள். "இனிப் போக வேண்டாம், இங்கேயே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம்" என்று தாய் தகப்பன் சொல்லுகிறார்கள். பாசத்தாற் சொல்லுவதுதான். ஆனால் பெற்றோர்ப் பொறுப்புள்ள மற்றவரின் சம்மதமோ நீதிமன்றின் அநுமதியோ இல்லாமல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது அங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிள்ளை தன்னோடு வசிக்கவேண்டும் என்ற கட்டளை பெற்றவர் மட்டும் ஒரு மாதத்துக்குக் குறைந்த காலத்துக்குக் கூட்டிச்செல்லலாம். இலங்கையும் சிறுவர் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிற் சேர்ந்து, 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியிருக்கின்றது. தகப்பன் முறையிட்டால் நீதி அமைச்சினூடாக வழக்கு இங்கே வரும். பிள்ளை யாரோடு வாழ்வது நல்லது என்று இந்த நாட்டு நீதிமன்று அப்போது ஆராயாது. பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே அதைத் திருப்பி அனுப்பலாமா என்றே பார்க்கும். பாரதூரமான ஆபத்து உண்டென்று காட்டினாலன்றித் தடுப்பது கடினம்.

இதிலும் விவாகமாகாத தகப்பனின் நிலை விசேஷமானது. அவுஸ்திரேலியாவின் மேற்கு மாநிலத்திலிருந்து விவாகமாகாத தாய் ஒருத்தி பிள்ளையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த வழக்கில், அத்தகப்பனுக்கு அந்த மாநிலச் சட்டப்படி காவலுரிமை இல்லாமையால் அவள் கொண்டுவந்தது உடன்படிக்கைக்கு மாறன்று என்று 1990இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. வெறுமையாக விட்ட அந்த ஓர் இடத்தின் பலன் கடல் கடந்தும் நிற்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

அம்மம்மாமார் சிலர் நம்மை முறைத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். கிளாஸ் ஈசாக்ஸ் 1706 - 1707இல் தொகுத்த நமது தேசவழமையில், தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்ய நினைத்தால், பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டன் பாட்டியார் பொறுப்பேற்று வளர்ப்பதாகக் காண்கிறோம். தாயின் சீதனச் சொத்தும் பிள்ளைகளுக்காக அவர்களிடம் போகும். இங்கிலாந்தில் அந்த வழமை இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க மனுச் செய்வதென்றாலும், மனுச் செய்ய அநுமதி தாரும் என்று முதலிற் பெரும்பாலும் கேட்கவேண்டும்.

நமது தம்பியின் கதையை முடிக்காமல் விட்டால் வெளியே மறித்துக் கேட்பீர்கள். நிலுவைப் பணத்தை அவர் கொடுத்தார். தாயின் தமையனாரோடு நாம் இரண்டு மூன்று முறை பேசினோம். கலியாணம் ஒட்டவில்லை, ஒட்டவைக்க நாமும் முயலவில்லை. ஆனால் அவர்கள் இருவரும் ஒரு திங்கட்கிழமை காலை பதிவுக் கந்தோருக்குப் போய்ப் பிறப்பை மறுபடி பதிந்தார்கள். பிள்ளை தாயோடு வசிக்கிறான், சனிக்கிழமைகளில் தகப்பனோடு. நீதிமன்றுக்கு ஒருவரும் போகவில்லை. இம்முறை தம்பி லீவு எடுத்திருந்தார்.

கேள்விகளுக்கென்று தலைவர் அவர்கள் கால்மணி நேரம் தந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கைவசம் உள்ளவர்கள் அதையும் கொண்டுவந்து காட்டலாம்.